அடுப்பில்லாத அறை கேட்டேன்

இத்தாலியில் நாங்கள் போன ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த லீவுக்கு நீங்களும் ரைஸ் குக்கரோடு அங்கே போய் இறங்குவீர்கள். நேப்பிள்ஸுக்குத் தெற்கே, மலை கடலில் காலை நனைக்கிற இடத்தில், வீடுகள் ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழகான ஊர்தான். ஊர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கோபமெல்லாம் என் வீட்டுக்காரர்மேல். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் அது தணியவில்லை.

வீட்டுக்காரர் பெயர் முரளி. சிட்னியில் வெஸ்ட்மீட்டில் இருக்கிறோம். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள், அவருக்கு பராமட்டாவில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமான இந்தப் பத்தொன்பது வருஷத்தில் கெய்ர்ன்ஸ் போயிருக்கிறோம், பாலி போயிருக்கிறோம், குயின்ஸ்டவுன் போயிருக்கிறோம். அந்த ஊர்களைப் பற்றி என்னைக் கேட்டால், அங்கே அடுப்பு எப்படி எரிந்தது என்று மட்டும்தான் சொல்லத் தெரியும். தங்க இடம் தேடும்போது ஊர் உலகத்தில் எல்லோரும் கடல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். முரளி கிச்சன் இருக்கிறதா என்று பார்ப்பார். பெட்டியில் முதலில் போவது ரைஸ் குக்கர், அதன் வயிற்றுக்குள் பருப்பு, இடுக்கில் பொடி டப்பா. பாலியில் எல்லோரும் சூரியன் கடலில் விழுவதைப் பார்த்தார்கள். நான் கடுகு பொரிவதைப் பார்த்தேன்.

அதனால்தான் இந்தத் தடவை ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அடுப்பில்லாத அறை வேண்டும். ஐந்தே ஐந்து நாள், யாரோ ஒருவர் ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்க வேண்டும், நான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வேறெதுவும் கேட்கவில்லை. கூட வேலை பார்க்கும் கௌரி யாழ்ப்பாணத்துக்காரி. விஷயத்தைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஓம் அக்கா, குசினி இல்லாத இடமாவே எடுங்கோ. குசினி எண்டு ஒண்டு இருந்தா உங்களை உள்ள விட்டுக் கதவைச் சாத்திப்போடுவினம்" என்றாள்.

ஹோட்டலை நான்தான் தேடிப் பிடித்தேன். துறைமுகத்துக்கு மேலே சின்ன ஹோட்டல், மஞ்சள் ஜன்னல் கதவுகள், கடலைப் பார்த்த மொட்டைமாடியில் நாலைந்து மேஜைகள். அறையில் வெந்நீர் வைக்க ஒரு கெட்டில்கூடக் கிடையாது. அதைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மாதக்கணக்கில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த மொட்டைமாடிப் படத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறேன். "அஞ்சு நாள் நீ கரண்டியத் தொட வேண்டாம் கலா, சத்தியமா" என்றார் முரளி. நம்பினேன்.

முரளியின் அக்கா வசந்தாவும் அவர் வீட்டுக்காரர் சண்முகம் அண்ணாவும் மெல்பர்னில் ட்ருகனினாவில் இருக்கிறார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், நாங்களும் வருகிறோம் என்றார்கள். வரட்டுமே, ஹோட்டலில் அறைக்கா பஞ்சம்? டிக்கெட் போட்டாயிற்று. அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை வசந்தா அண்ணி போன் பண்ணினார்.

"ஏனம்மிணி, புரட்டாசியில போயி மீன் திங்கற ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கறீங்களே, காலண்டரப் பாக்கலியா?"

பார்க்கவில்லை. ஸ்கூல் லீவு செப்டம்பர் கடைசியில் வருகிறது என்று மட்டும்தான் பார்த்தோம். இந்தியக் கடையில் கொடுத்த தினசரி காலண்டர் ஃப்ரிஜ்ஜுக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் பட்டனை அமுக்குவதற்கு முன் முரளி அதில் ராகுகாலம் பார்த்தார். ராகுகாலம் முடியட்டும் என்று காபி குடித்துக்கொண்டு காத்திருந்த மனுஷன், போகிற தேதி எந்த மாதத்தில் விழுகிறது என்று பார்க்கவில்லை. கோயமுத்தூர்ப் பக்கத்து வீடு அவர்களுடையது. புரட்டாசி முழுக்க மீன், கறி, முட்டை எதுவும் உள்ளே வராது. நான் தூத்துக்குடிக்காரி. கல்யாணமாகி வந்த பிறகு அந்த ஒரு மாதம் வாயைக் கட்டப் பழகிக்கொண்டேன். இத்தாலியில் தக்காளி இல்லையா, ரொட்டி இல்லையா, கத்தரிக்காய் இல்லையா, அண்ணியைப் பட்டினி போட மாட்டார்கள் என்று சொன்னேன். முரளி போனை வாங்கிக்கொண்டு கராஜுக்குப் போனார். அக்காவோடு பேசுவதென்றால் அவருக்குக் கராஜ்தான். திரும்பி வந்து, "எல்லாம் சரியாயிடுச்சு" என்றார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

முதல் நாளே பஸ்காரரிடம் திட்டு வாங்கினோம். சிட்னியில் கார்டைத் தட்டிவிட்டு ஏறுகிற பழக்கத்தில் ஐந்து பேரும் பெட்டிகளோடு ஏறி, டிரைவரிடம் டிக்கெட் கேட்டோம். அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டுக் கத்தினார். என் மகள் நிலாவுக்குப் பதினைந்து வயது, ஸ்கூலில் இத்தாலியன் பாடம் எடுத்திருக்கிறாள். "டிக்கெட் சிகரெட் கடையில விக்கிறாங்களாம். பஸ்ல வந்து டிக்கெட் கேக்கறீங்களே, சர்ச்சுல போய் சிகரெட் கேப்பீங்களான்னு கேக்கறார்" என்றாள். சிகரெட் கடையைக் கண்டுபிடித்துத் திரும்புவதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். ஒவ்வொரு வளைவிலும் சண்முகம் அண்ணா "முருகா" என்றார்.

ஊரில் இறங்கியதும் மஞ்சள் ஜன்னல்கள் கண்ணில் பட்டன. படத்தில் பார்த்தபடியே, ஏன், அதைவிட நன்றாகவே இருந்தது. நான் பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினேன். முரளி நேராகப் போனார்.

"ஹோட்டல் இங்க இருக்கு."

"கொஞ்சம் மேல போகணும் கலா, வா."

படிகள் ஏறினோம். அந்த ஊரில் தெரு என்றாலே படிதான். ஒரு பச்சைக் கதவுக்கு முன்னால் சாவிக்கொத்தோடு வீட்டுக்காரம்மா நின்றிருந்தார், கட்டையான உடம்பு, கணீரென்ற குரல். கீழ்த்தளத்தில் அவர் குடியிருக்கிறார், மேல்தளம் வாடகைக்கு. படுக்கையறையைக் காட்டவில்லை, கடலைக் காட்டவில்லை, நேராக என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் ஒரு கதவைத் திறந்து, "லா குச்சீனா!" என்றார். எலுமிச்சம்பழம் வரைந்த நீல டைல்ஸ், கரண்ட் அடுப்பு, சுவரில் வரிசையாகக் கரண்டிகள். நிலாவின் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கௌரி சொன்ன குசினியேதான்.

நான் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றேன். முரளி நீலப் பெட்டியைத் திறந்தார். ஷூ இருக்கிறது, பீச் டவல் இருக்கிறது என்று சொல்லிக் கனமாகத் தூக்கி வந்த பெட்டி. டவலுக்குள் சுற்றிவைத்த ரைஸ் குக்கர். பிறந்த குழந்தையைக்கூட அவர் அவ்வளவு பதமாகச் சுற்றியதில்லை.

எனக்கு வந்ததே ஆத்திரம்!

"என்னங்க இது?"

"மெதுவாப் பேசு. அக்காவுக்காகத்தான். புரட்டாசி, வெளியில எதைத் தின்பா பாவம்? கிச்சன் இல்லாம வரமாட்டேன்னுட்டா. உன்கிட்டச் சொன்னா வருத்தப்படுவேன்னு…"

"வருத்தப்படறதா? ஹோட்டலை எப்பக் கேன்சல் பண்ணீங்க?"

"அப்பவே."

அப்பவே என்றால், நான் தினமும் மொட்டைமாடிப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்ட அத்தனை நாளும் அங்கே எனக்கு அறை இல்லை. சிரித்துக்கொண்டே, "உன் ஹோட்டல்ல காலைச் சாப்பாட்டுக்கு என்ன தருவாங்க?" என்று என்னையே கேட்டவர் இவர். சத்தம் போட வாயெடுத்தேன். படியில் அண்ணி ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து ஏறிவரும் சத்தம் கேட்டது. முட்டி ஆபரேஷன் ஆன கால். வாயை மூடிக்கொண்டேன்.

அன்று ராத்திரி நான் சமைக்கவில்லை. யாரும் கேட்கவும் துணியவில்லை. கீழே ஒரு கடையில் பீட்சா வாங்கினோம். அண்ணி இரண்டாவது வாயிலேயே நிறுத்தி, நாக்கிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தக்காளிக்கு அடியில் ஒளிந்திருந்த குட்டி மீன். எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது, நெத்திலி. அண்ணி "பெருமாளே" என்று எழுந்து வாய் கொப்பளிக்கப் போனார். சண்முகம் அண்ணா பெருமூச்சு விட்டார். "ஒரு ரசம் வச்சிருந்தாப் போதுமே" என்றார் முரளி, யாரையும் பார்க்காமல். யாருக்கு என்று எனக்குத் தெரியாதா?

மறுநாள் கடுகு வெடிக்கிற சத்தத்தில்தான் விழித்தேன். வெஸ்ட்மீட்டில் இருக்கிறேனா இத்தாலியில் இருக்கிறேனா என்று ஒரு கணம் புரியவில்லை. போய்ப் பார்த்தால் அண்ணி ஒரு கையால் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ரவை கிண்டிக்கொண்டிருக்கிறார்.

"கொடுங்க அண்ணி கரண்டிய."

"நீ போய்ப் படு அம்மிணி, நான் பாத்துக்கறேன்."

"இந்தக் காலோட நிக்காதீங்க, கொடுங்க."

கொடுத்தார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். உப்புமா இறங்கியதும் மத்தியானத்துக்கு என்ன என்று வந்தது. ஆண்கள் இருவரும் டவலைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள். நிலாவும் போனாள். நானும் அண்ணியும் பேச்சில்லாமல் பீன்ஸ் நறுக்கினோம். மனசுக்குள் அண்ணியைத் திட்டிக்கொண்டே நறுக்கினேன். ஐந்து நாள், ரொட்டி தின்றால் இவருக்கு என்ன குறைந்துவிடும் என்று. அவரும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

இத்தாலிக்காரர்களின் ப்ளக் வேறு. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு அடாப்டர். அது ரைஸ் குக்கருக்குப் போயிற்று. போன்களெல்லாம் செத்துக் கிடந்தன. குக்கர் ஓட, அடுப்பில் சாம்பார் கொதிக்க, அண்ணி வெந்நீருக்குக் கெட்டிலைப் போட்டார். பொட்டென்று வீடு முழுக்கக் கரண்ட் போனது.

வீட்டுக்காரம்மா கீழேயிருந்து கத்திக்கொண்டே வந்தார். கடற்கரையிலிருந்து பசியோடு திரும்பிய நிலா மொழிபெயர்த்தாள். "ஒரே நேரத்துல எல்லாத்தையும் போடக் கூடாதாம். இது வீடு, ஃபேக்டரி இல்லையாம்." முரளியும் சண்முகம் அண்ணாவும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரம்மா அவர்களைத் தாண்டி வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, கீழே படிக்கட்டுக்கு அடியில் இருந்த ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, எந்தச் சுவிட்சை மேலே தள்ள வேண்டும் என்று காட்டினார். அன்று சாயங்காலம் மறுபடி போனது. நான்தான் இறங்கினேன். அடுத்த நாள் காலை போனபோதும் நான்தான். ஆண்கள் ஒருதரம்கூட அந்தப் படிக்கட்டுக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. கரண்ட் போனால், "கலா, கரண்ட் போயிடுச்சு" என்பார்கள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது சண்முகம் அண்ணா விரலைச் சப்பிக்கொண்டு சொன்னார், "இத்தாலிக்கு வந்து சாம்பார் சாப்புடற சுகமே தனிம்மா." தட்டைப் பிடுங்கிக் கடலில் வீசலாமா என்று வந்தது.

சாயங்காலம் ஒருவழியாக நானும் கடற்கரைக்குப் போனேன். சிட்னி பீச்சில் டவலை விரித்து இஷ்டம்போல் படுப்போம். இங்கே குடையும் நாற்காலியும் வரிசை போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். மணல்கூடக் கிடையாது, கூழாங்கல். ஆனால் தண்ணீர்! அடியில் கிடக்கும் கல்லை எண்ணிவிடலாம், அப்படி ஒரு தெளிவு. முழங்கால்வரை இறங்கி நின்றேன். தலைமுடியில் தாளிப்பு வாசனை அடித்தது. வருகிற வழியில் மஞ்சள் ஜன்னல் ஹோட்டலைத் தாண்டித்தான் வர வேண்டும். மொட்டைமாடியில் ஒரு ஜெர்மன் குடும்பம் உட்கார்ந்திருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் அவர்கள் முன்னால் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தார். நான் வேகமாக நடந்து போய்விட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் சண்டை போடுகிற அழகே அழகு. எதிர் வீட்டு பால்கனியில் ஒரு அம்மாவும் அவர் புருஷனும் ஒரு வாளிக்காக அரை மணி நேரம் கத்தினார்கள். ஜன்னல், கதவு எல்லாம் திறந்து கிடக்கிறது. "வாளியை யார் வெளியில விட்டதுன்னு சண்டை" என்றாள் நிலா. வெஸ்ட்மீட்டில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். பத்தொன்பது வருஷச் சண்டையையும் நாங்கள் குசுகுசுவென்றேதான் போட்டிருக்கிறோம்.

மூன்றாம் நாள், பழைய ரோமாபுரிக் கோயில்கள் இருக்கும் ஊருக்குப் போவதாகத் திட்டம். புளிசாதம் கட்டிக்கொண்டு, ஆமாம் நான்தான் கட்டினேன், பஸ் நிறுத்தத்துக்குப் போனால் ஒரு ஈ காக்கை இல்லை. கம்பத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இன்று வேலைநிறுத்தம், பஸ் ஓடாது. எதிர்க் காபிக்கடையில் முதல் நாள் எங்களைத் திட்டிய அதே டிரைவர், கால்மேல் கால் போட்டுக்கொண்டு நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார். முரளி கொதித்தார்.

"சொல்லாமக் கொள்ளாம இப்படிப் பண்ணா ஜனங்க என்ன பண்ணுவாங்க?"

நிலா கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வந்தாள். "ஒரு வாரமா ஒட்டித்தான் இருக்காம். இன்னைக்கு ஓட்ட மாட்டாங்க, நாளைக்கு ஓட்டுவாங்க, அவ்வளவுதான்னு சொல்றார்."

நான் அந்த டிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் சாகவில்லை. கடல் கடலாகவே இருந்தது. மனுஷன் இன்னொரு காபி சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பினோம். புளிசாதத்தைப் பத்துமணிப் பலகாரமாகத் தின்றுவிட்டு, மத்தியானத்துக்கு என்ன என்று முரளி கேட்டார். குசினிக்குள் போய்ப் பாத்திரத்தை ணங்கென்று வைத்தேன். அண்ணி பின்னாலேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருக்கும் தாங்கவில்லை போல.

"ஏனம்மிணி, வந்த எடத்துலயும் இந்த அடுப்ப விட உனக்கு மனசு வரலியா? நானும் மூணு நாளாப் பாக்கறேன். உம்பட ஆசைக்கு நானும் இந்தக் காலோட நிக்கோணுமா?"

"என் ஆசையா?"

"சமைக்காட்டி உனக்குக் கையே ஓடாதாமா. கிச்சன் இல்லாட்டி வரவே மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னியாமா. முரளிதான் சொன்னான், ஓட்டல மாத்திப்போட்டேன்னு. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, எனக்குப் பழமும் ரொட்டியும் போதும்டான்னு."

கையிலிருந்த கரண்டியை மேடைமேல் வைத்தேன்.

"நீங்க கேக்கலையா அண்ணி?"

"நான் எதுக்குக் கேக்கறேன்? ட்ருகனினாவுல அடுப்பு இல்லாமயா இருக்குது? முப்பத்தஞ்சு வருசமா நின்னது பத்தாதா? மொத நாளு நீ மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தயா, அடுப்புச் சின்னதா இருக்குதுன்னு கோவம்னு நெனச்சேன்."

அண்ணிக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் சிவந்து போயிற்று. "அட நாசமாப் போனவனே" என்றார், கூடப் பிறந்த தம்பியை. நான் அவரைத் திட்டிக்கொண்டு பீன்ஸ் நறுக்கியிருக்கிறேன், அவர் என்னைத் திட்டிக்கொண்டு நறுக்கியிருக்கிறார். கடற்கரையில் கூழாங்கல்மேல் மல்லாந்து கிடந்த மனுஷனை இரண்டு பேரும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

அடுப்பை அணைத்தேன். வெளியே வந்தேன். முரளி சோபாவில் கிடந்தார்.

"அக்காவுக்காகவா?"

எனக்குப் பின்னால் நிற்கிற அக்காவைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"அட, சின்ன விஷயம் கலா. இப்ப என்ன ஆயிடுச்சு? எல்லாருக்கும் நல்லதுன்னுதான்…"

"யாருக்கு நல்லது?"

"எனக்குச் சோறில்லாம முடியல. ரெண்டு நாளைக்கு மேல ரொட்டி எறங்காது. அதைச் சொன்னா நீ ஒத்துக்குவியா? உன் கைச் சாப்பாடு இல்லாம இருக்க முடியலைன்னு சொல்றேன், வேற புருஷனா இருந்தா ஊர்ல ஹோட்டல் ஹோட்டலாத் தின்னுட்டுப் போவான்."

பாராட்டாம்! நான் கத்தினேன். ஜன்னல் கதவு எல்லாம் திறந்து கிடந்தது, நான் மூடவில்லை. "எனக்குச் சோறு வேணும்னு சொல்ற தைரியம் இல்லாம, அக்காவோட முட்டியையும் பெருமாளையும் முன்னால நிறுத்தினீங்களே, வெக்கமா இல்ல? சோறு வேணும்னா நீங்க வடிக்கணும். இத்தனை வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் உக்காந்திருக்க ஒரு தட்டு எடுத்து வச்சிருக்கீங்களா? அஞ்சு நாள் கேட்டேன். பிச்சையா கேட்டேன்? உங்களுக்குச் சமமா நானும்தானே சம்பாதிக்கிறேன், நானும்தானே லீவு போட்டு வந்தேன்? அந்த மாடிப் படத்தைத் தினம் பாத்துட்டிருந்தேனே, பக்கத்துல உக்காந்து சிரிச்சீங்களே!" இன்னும் நிறையச் சொன்னேன். தூத்துக்குடியில் என் அம்மாவீட்டுத் தெருவில் கேட்டு வளர்ந்த வார்த்தைகள் சிலவும் வந்தன. அவற்றை இங்கே எழுத முடியாது.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது எதிர் பால்கனியிலிருந்து அந்த வாளிக்கார அம்மா ஏதோ சொன்னார்.

"அவங்க என்ன சொல்றாங்க?"

நிலா சிரிப்பை அடக்கினாள். "நீங்க சொல்றதுதான் சரியாம்."

"அவங்களுக்கு என்ன புரிஞ்சுதாம்?"

"ஒண்ணும் புரியலையாம். புரியணும்னு இல்லையாம்."

"நாளைக்கு பஸ் ஓடும்" என்றேன் முரளியிடம். "நான் ஓட மாட்டேன்." குசினிக் கதவைச் சாத்தினேன். அன்று மிச்சப் பொழுதுக்கு எல்லோரும் ரொட்டி தின்றோம். முரளி "சாரி" என்றார், ஆங்கிலத்தில். எங்கள் வீட்டு ஆண்களுக்கு மன்னிப்பு தமிழில் வருவதில்லை.

நான்காம் நாள், மறுநாள் காலையில் கிளம்ப வேண்டும். மத்தியானம் நானும் அண்ணியும் தலைவாரிக்கொண்டு, நிலாவையும் கூட்டிக்கொண்டு, மஞ்சள் ஜன்னல் ஹோட்டலுக்குப் போனோம். ஆண்களைக் கூப்பிடவில்லை. மொட்டைமாடியில் ஓரத்து மேஜை கிடைத்தது. கீழே படகுகள் முட்டிக்கொண்டு நின்றன. வெள்ளைச் சட்டைக்காரர் அண்ணிக்குத் தக்காளி போட்ட பாஸ்தா கொண்டுவந்தார். நிலா அவரிடம் மூன்று தடவை கேட்டு உறுதிப்படுத்தியிருந்தாள், மீன் இல்லை, மீன் இல்லவே இல்லை. தட்டு வருவதைப் பார்த்ததும் அண்ணி கையூன்றி எழுந்துவிட்டார், வாங்கி வைப்பதற்கு. அந்த மனுஷன் தட்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தலையசைத்து, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். அண்ணி உட்கார்ந்தார். தட்டு முன்னால் வந்தது. கொஞ்ச நேரம் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு நெத்திலி பொரித்தது. சொல்லும்போதே நாக்கு ஊறியது, கூடவே பயமாகவும் இருந்தது. பத்தொன்பது புரட்டாசியாக இல்லாத பழக்கம்.

அண்ணி நாற்காலியைக் கடல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "நீ தின்னு அம்மிணி. நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன். பெருமாள் கேட்டா நான் பாக்கலீங்னு சொல்லிக்கறேன்."

மொறுமொறுவென்று, எலுமிச்சை பிழிந்து, தலையோடு. எங்கள் ஊர் நெத்திலியின் சொந்தக்காரன்தான், உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். தட்டைக் காலி செய்தேன். அண்ணியின் முதுகைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆத்திரத்தில் வந்ததா வேறெதனாலா தெரியாது. எழும்போது அண்ணி பழக்க தோஷத்தில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார்.

கடலோரமாகவே சுற்றினோம். எதுவும் வாங்காமலே கடை கடையாக ஏறி இறங்கினோம். சூரியன் விழுவதை முழுசாக, கடைசிச் சிவப்பு போகிறவரை பார்த்தேன். ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு படி ஏறி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. வீட்டுக்காரம்மா தன் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேலே எங்கள் தளத்தில் மட்டும் விளக்கே இல்லை.

அண்ணியால் அதற்குமேல் ஏற முடியவில்லை. கீழ்ப்படியிலேயே உட்கார்ந்தார், நாங்களும் உட்கார்ந்தோம். ஜன்னலிலிருந்து முரளியின் தலை எட்டிப் பார்த்தது.

"கலா! வந்துட்டியா? சோறு வச்சோம், ரசத்த அடுப்புல வச்சோம். கரண்ட் போயிடுச்சு."

தகரப் பெட்டி எனக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. நிலா "அப்பா, அது…" என்று ஆரம்பித்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் வாயை மூடிக்கொண்டு ஐஸ்கிரீமை நக்கினாள். வீட்டுக்காரம்மா ஏதோ கேட்டார்.

"அவங்க போய்ப் போடட்டுமான்னு கேக்கறாங்கம்மா."

"வேண்டாம்னு சொல்லு."

சொன்னாள். வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டு, நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"கலா? கேக்குதா? கரண்ட்!"

"கேக்குது" என்றேன்.

மேலே இருட்டில் யாரோ எதன்மேலோ மோதிக்கொண்டார்கள். ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. சத்தம் கேட்டதும் அண்ணி ஒரு கையைப் படியில் ஊன்றி எழப் பார்த்தார். நான் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருங்க அண்ணி."